ஓடாத விசிறி எனக்கு எதற்கு?

போன சித்திரையில், கத்திரி வெயில் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு தம்பி விழுப்புரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். புதுச்சேரிக்காரர். வயது முப்பதுக்குள் இருக்கும். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலிலேயே கழற்றினார், என் மனைவி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். புதிதாகத் திறக்கப்போகும் ஒரு விடுதிக்குப் பழைய சாமான்கள் சேர்த்துக் கொடுப்பது அவர் வேலையாம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

மேசைமேல் இருந்த மரெல்லி ஃபேனைப் பார்த்ததும் அவர் மோரைக் கீழே வைத்துவிட்டார். இரும்பு அடி, பித்தளை இறக்கை, பித்தளைக் கூண்டு. சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். "ஐயா, 35,000 தரேன். இப்பவே ஜிபே பண்ணிடறேன்" என்றார்.

சாமானைப் பார்க்க வந்தவருக்கு ஓட்டிக் காட்ட வேண்டாமா என்று நான் சுவிட்சைப் போட எழுந்தேன்.

"வேணாங்க ஐயா. ஓடணும்னு அவசியமே இல்ல. உள்ள இருக்கிற மோட்டாரை எடுத்துட்டு எல்.இ.டி. பல்பு வைக்கப்போறோம். சும்மா பார்வைக்குத்தான்."

நல்ல வார்த்தை சொல்லித்தான் அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிமேல் உள்ள கோபத்தில் எழுதுவது என்று நினைக்க வேண்டாம். அவர் வேலையை அவர் செய்கிறார். கோபம் இந்தப் பழக்கத்தின்மேல். அதில் ஒரு பங்கு என்மேலேயே இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என்னிடம் மின்விசிறிகள் ஒன்பது இருக்கின்றன. மரெல்லி ஒன்று, ஜி.இ.சி. இரண்டு, கிராம்ப்டன் ஒன்று, உஷா இரண்டு, ஓரியண்ட் ஒன்று, ராலி ஒன்று, கல்கத்தா இந்தியா எலக்ட்ரிக் ஒர்க்ஸ் செய்தது ஒன்று. கைவிசிறிகள் இருபத்திரண்டு. பெரும்பாலும் பனையோலை. வெட்டிவேர் விசிறி மூன்று, மயில்தோகை ஒன்று, மூங்கில் பிளாச்சில் பின்னியவை சில, மடித்து விரிக்கும் காகித விசிறி ஒன்று. மின்விசிறிகள் ஒன்பதும் ஓடும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஓடாததை நான் வைத்துக்கொள்வதில்லை. ஓட வைக்க முடியாவிட்டால் அதன் உறுப்புகளை வைத்து வேறொன்றை ஓட வைப்பேன்.

மரெல்லி எங்கள் வீட்டுக்கு வந்தது 1955-ல். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பிரெஞ்சுக் குடும்பமாகக் கப்பலேறியது. போகும்போது கட்டில், அலமாரி, பீங்கான் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பா 40 ரூபாய்க்கு அந்த ஃபேனை எடுத்துவந்தார். மிலான் நகரத்தில் செய்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அது இடமும் வலமும் தலையைத் திருப்பும்போது, நாங்கள் நான்கு பிள்ளைகளும் பாயை விட்டு எழுந்து அதன் கூடவே ஓடுவோம். அப்பா அதட்டுவார். அது தானாக எல்லோரிடமும் வரும், நீங்கள் அதன் பின்னால் போக வேண்டாம் என்பார்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். விசிறியைப் பற்றி ஒரு பாடம் உண்டு, இன்றும் மறக்கவில்லை. 1827-ல் அல்ஜியர்ஸ் நகரத்து ஆட்சியாளர் உசேன் தே, பிரெஞ்சுத் தூதர் தெவால் என்பவரைக் கைவிசிறியால் அடித்துவிட்டார். அந்த அவமானத்தைக் காரணம் காட்டித்தான் பிரான்ஸ் 1830-ல் படையெடுத்து அல்ஜீரியாவைப் பிடித்தது. விசிறி அடி என்றே அந்தச் சம்பவத்துக்குப் பெயர். எங்கள் வாத்தியார் மேசையில் பிரம்பால் தட்டிக் காட்டி இதை நடத்தினார். அந்தத் தே ஏன் அடித்தார் என்பதை அவர் சொல்லவில்லை. புரட்சிக் காலத்தில் அல்ஜீரிய வியாபாரிகளிடம் பிரான்ஸ் வாங்கிய கோதுமைக்குப் பணம் பாக்கி. முப்பது வருடமாகத் தீர்க்காத பாக்கி. அதைக் கேட்டபோது தூதர் அலட்சியமாகப் பதில் சொன்னார் என்பதை நான் ஐம்பது வயதுக்குமேல்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962-ல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962-ல்தான். விசிறியை மட்டும் காட்டி, அதைப் பிடித்திருந்த கையின் கதையை மறைத்துவிடலாம் என்பதற்கு அந்தப் பாடமே எனக்குச் சாட்சி. இன்றைக்கு விசிறியைக் காட்சிப்பொருளாக்குகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

பிரெஞ்சில் கைவிசிறிக்கு 'எவாந்தாய்' என்று ஒரு சொல், மின்விசிறிக்கு 'வாந்திலாத்தேர்' என்று வேறொரு சொல். நமக்கு இரண்டும் விசிறிதான். விசிறுவது என்பது ஒரு வேலை. ஒருவர் செய்ய, இன்னொருவருக்குக் காற்று வருகிறது. நடிகரின் அபிமானியை 'விசிறி' என்று எழுதுகிறார்களே, அது ஆங்கிலத்து 'ஃபேன்' என்ற சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததால் வந்த வினை. அந்த 'ஃபேன்' 'ஃபெனடிக்' என்பதன் சுருக்கம், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கிடக்கட்டும். என் வாதம் இதுதான்: யாருக்கும் காற்று கொடுக்காத விசிறி விசிறியே இல்லை. ஓடக்கூடிய விசிறியை ஓடவிடாமல் செய்து அழகு பார்ப்பது சேகரிப்பு ஆகாது. அது பாடம் பண்ணிய புலித்தலையைச் சுவரில் மாட்டுவது போலத்தான்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இருப்புப் பதிவேடு என் மேசையில் இருந்தது. பதினான்கு பழைய மின்விசிறிகளைக் கண்டெம் செய்யப் பட்டியல் போடச் சொன்னார்கள். நீண்ட குழாயில் தொங்கும் சீலிங் ஃபேன் எட்டு, மேசை ஃபேன் ஆறு. அரசு வேலை பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். பழையது கழிவு ஆனால்தான் புதியதற்கு அனுமதி வரும். புதியது வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எனவே பழையது ஓடக்கூடாது.

பதினான்கில் ஒன்பது அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காற்றின் அடியில் உட்கார்ந்துகொண்டுதான், பதினான்குக்கும் நேராக 'பழுதுபார்க்க இயலாதது' என்று என் கையால் எழுதினேன். அங்கே வயதான அலுவலக உதவியாளர் ஒருவர் இருந்தார். பழைய காலத்து டவாலி. வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு இறக்கை துடைப்பவர் அவர்தான். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஓடறத போயி ஓடலன்னு எழுதறீங்களே சார்" என்றார். "ஃபைல் அப்படித்தாம்பா" என்றேன்.

ஏலத்தில் அவை எடை போட்டுப் போயின. காயலான் கடைக்காரர் அலுவலக வாசலிலேயே சில ஃபேன்களைப் பிரித்துச் செம்புக் கம்பியைத் தனியாக உருவினார். வார்ப்பிரும்பு தனி, பித்தளை தனி. புதிதாக வந்த ஃபேன்களின் இரைச்சலும் ஆட்டமும் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஐந்தாறு வருடத்தில் அவற்றுக்கும் பட்டியல் போட்டோம்.

ஓய்வுபெற்றுச் சில வருடம் கழித்து, புதுச்சேரியில் ஓர் உணவகத்துக்கு என் மகன் அழைத்துப் போனான். தலைக்குமேல் ஒரு பழைய சீலிங் ஃபேன். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண்ணும் சாய்கோடும். அந்த எண்களில் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஏழை அப்படித்தான் போடுவான். என் கையெழுத்து! அதற்கு ஒயர் இல்லை. காற்று ஏ.சி.யிலிருந்து வந்தது. பரிமாறியவர் "ஆன்டிக் சார், நூறு வருஷம் ஆச்சு" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவேட்டுக்காரனாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, கையெழுத்துச் சுவடிகள் போன்ற சிலவற்றைத் தவிர, ஒரு பொருள் தொல்பொருள் ஆவதற்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நீங்களும் நானும் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய உஷா ஃபேனை ஆன்டிக் என்று விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தொடங்கி ஆரோவில் சாலை வரைக்கும் இந்தச் சொல் புழங்குகிறது. ஆன்டிக் என்றால் நாமும்தான் ஆன்டிக். நம்மையும் மோட்டாரை எடுத்துவிட்டுப் பல்பு வைப்பார்களோ என்னவோ.

ஒரு பழைய மேசை ஃபேனை 'அழகுபடுத்துவது' என்றால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அடியைப் பளபளப்பாக்குகிறார்கள். பித்தளையைப் பஃபிங் சக்கரத்தில் தேய்த்துப் பொன்னாக்குகிறார்கள். தேய்க்கத் தேய்க்க இறக்கையின் ஓரம் மெலிந்து, ஒவ்வொரு இறக்கையும் வெவ்வேறு எடையாகிவிடும். அதன்பிறகு அதை ஓட விட்டால் உதறும். பின்னால் இருக்கும் பெயர்த் தகட்டைக் கழற்றித் தனியாக விற்கிறார்கள். வோல்ட் எவ்வளவு, சைக்கிள் எவ்வளவு, வரிசை எண் என்ன என்று அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அதுதான் அந்த ஃபேனின் பிறப்புச் சான்றிதழ். கடைசியாகக் காயிலை வெட்டி எடுக்கிறார்கள். தலை திருப்பும் பல்சக்கரப் பெட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். ஐம்பது அறுபது வருடம் தேயாத பல்சக்கரம்!

எங்கள் விழுப்புரம் எம்.ஜி. ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு வைண்டிங் கடைக்காரர் இருந்தார். பழைய காயிலைப் பிரிக்கும்போது ஒவ்வொரு சுற்றாக எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வார். கம்பியின் கேஜ், சுற்றின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் சுற்று என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். பிறகு அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் விட்டு, வெயிலில் வைப்பார். என் ஜி.இ.சி. இரண்டையும் எழுப்பியது அவர்தான். ஒருமுறை ஓர் அன்பர் எங்கிருந்தோ ரயில் பெட்டி ஃபேனை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் போட்டால் ஓடவில்லை என்றார். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது 110 வோல்ட் டி.சி. சார். ஜங்ஷன் ஊர்ல இருந்துகிட்டு இதுகூடத் தெரியலயா?" அவர் காலமாகிவிட்டார். அவர் பையன் செல்போன் கடை வைத்திருக்கிறான். நோட்டு எங்கே என்று கேட்டேன், பழைய பேப்பரோடு போய்விட்டது என்றான். மோட்டாரைப் பிடுங்கிப் பல்பு வைக்கும் ஊரில் வைண்டிங் நோட்டு யாருக்குத் தேவை?

இனி பங்கா. புதிய விடுதிகளில் இதுதான் இப்போது மோஸ்தர். கூரையிலிருந்து நீண்ட துணித் தட்டிகளைத் தொங்கவிட்டு, மறைவாக ஒரு மோட்டார் வைத்து ஆட்டுகிறார்கள். அந்தக் காலத்து அழகு என்கிறார்கள். அந்தக் காலத்தில் அதை ஆட்டியது மோட்டார் இல்லை. சுவரில் ஓர் ஓட்டை, அதன் வழியாக ஒரு கயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனையில் தாழ்வாரத்தில் ஒரு மனிதர். நாள் முழுக்க இழுக்க வேண்டும். கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு இழுப்பார்கள். உள்ளே இருக்கும் துரைக்குக் காற்று, வெளியே இருப்பவருக்குப் புழுக்கம். இரவில் அசந்து தூங்கிவிட்டார் என்று உதைத்ததில் பங்கா இழுப்பவர் செத்துப்போன வழக்குகள் வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்களில் உண்டு. தண்டனை பெரும்பாலும் சொற்ப அபராதம்தான்.

நான் வேலை பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் அந்தக் கயிறு போகும் ஓட்டை அடைக்காமலே இருந்தது. அணில் போய்வரும். சில்லறைச் செலவுக் கணக்கில் 'ஹாட் அண்ட் கோல்டு வெதர் சார்ஜஸ்' என்று ஒரு தலைப்பு உண்டு, ஞாபகம் இருக்கிறதா? கோடையில் தண்ணீர்ப் பானை, வெட்டிவேர்த் தட்டி வாங்கும் செலவெல்லாம் அந்த இனத்தில் வரும். பங்கா இழுப்பவர்களின் கூலியும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கோடைச் செலவுதான். மனிதரும் பானையும் ஒரே கணக்கு. கோடை முடிந்தால் இரண்டும் வெளியே.

பங்காவை மாட்டுகிறவர்கள் மாட்டட்டும். ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்த இடத்தையும் காட்டுங்கள். பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அது இல்லாத பங்கா எனக்கு எங்கள் வாத்தியாரின் அல்ஜியர்ஸ் பாடத்தைத்தான் நினைவூட்டுகிறது.

1880-களில் அமெரிக்காவில் மின்சார விசிறி பிறந்தது. பிறகு, மின்சாரம் வராத ஊர்களுக்காக மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டிலேயே ஓடும் விசிறிகூடச் செய்து இந்தியாவில் விற்றார்கள். அவை வந்தபிறகுதான் அந்தக் கயிறு மெல்ல மெல்லக் கைவிட்டுப் போனது. மின்விசிறியின் உண்மையான அழகு இதுதான் என்பேன். தாழ்வாரத்து மனிதரை அது எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது. அந்த மோட்டாரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பித்தளையை மட்டும் மெச்சுவது நன்றிகெட்ட செயல்.

கைவிசிறிக்கு வருவோம். நம் பக்கத்தில் விசிறி வீசுவது சின்ன ஆள் செய்யும் வேலை என்று ஒரு நினைப்பு உண்டு. நம் கதைகள் அப்படிச் சொல்லவில்லை. புறநானூற்றில் மோசிகீரனார் களைத்துப்போய் அரசனின் முரசுகட்டிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அதற்குத் தண்டனை மரணம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். உருவிய வாளைக் கீழே வைத்துவிட்டு, புலவர் எழுந்திருக்கும்வரை விசிறிக்கொண்டு நின்றான். காஞ்சிபுரத்தில் திருக்கச்சி நம்பிகள் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியே பெருமாளோடு பேசும் பேறு பெற்றார் என்பார்கள். ராமானுஜரே தம் சந்தேகங்களை அவர் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அரசன் வீசினான், பக்தர் வீசினார், கயிறு இழுத்தவரும் வீசினார். வீசச் சொல்லி உதைத்தார்களா, தானாக எடுத்து வீசினாரா என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. 2012 கோடை உங்களுக்கு மறந்திருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் நமக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம். திண்டிவனத்தில் என் அம்மா அப்போது படுத்த படுக்கை. வயது எண்பத்தாறு. இன்வெர்ட்டர் வாங்கினோம். அது சார்ஜ் ஏறுவதற்கே கரண்ட் இல்லை. நானும் மனைவியும் முறை வைத்து ஓலை விசிறியில் தண்ணீர் தெளித்து வீசினோம். இரவு பத்திலிருந்து ஒன்று வரை அவள், ஒன்றிலிருந்து விடியும்வரை நான். கை மாறினால்கூட அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் திறக்காமலே "இப்ப நீயாடா?" என்பார். நான் நின்று நிதானமாக வீசுவேனாம், மருமகள் வேகமாக வீசுவாளாம். அந்த ஆடியில் அம்மா போனார். அந்த விசிறியின் ஓரம் கிழிந்திருக்கிறது. இருபத்திரண்டில் அது ஒன்றுதான் விலைக்கு வாங்காதது. அம்மாவே எப்போதோ ஓரத்துக்குப் பழைய புடவைக் கரை வைத்துத் தைத்தது.

பனை நம் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லது. விக்கிரவாண்டி பக்கம் நரசிங்கனூர், பூரிகுடிசை என்று போனால் இன்றும் பனையை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மரக்காணம் போகும் வழியில் ஓர் அம்மாவிடம் நான் வருடா வருடம் விசிறி வாங்குவேன். அதிக முற்றலும் இல்லாமல் அதிக இளசும் இல்லாமல் ஓலை பார்த்து வெட்ட வேண்டும். நிழலில் உலர்த்தி, பலகைக்கு அடியில் வைத்து அமுக்கி, வட்டமாக நறுக்கி, ஓரத்தை நாரால் கட்ட வேண்டும். மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் போல இருக்கும் கருக்கைச் சீவாவிட்டால் கையைக் கிழிக்கும். அவர் விலை 40 ரூபாய். புதுச்சேரியில் ஒரு கடையில் அதே மாதிரி விசிறிக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, 1,800 ரூபாய் என்று எழுதியிருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். "வில்லேஜ் ஆர்ட் சார்" என்றார்கள். அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லையா?

என்னை மறுத்துப் பேசுகிறவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஃபேன் கரண்ட்டைத் தின்னும் என்பார்கள். உண்மைதான். பழைய சீலிங் ஃபேன் எண்பது வாட்டுக்குக் குறையாது. சாதாரணப் புது ஃபேன் எழுபத்தைந்து, பி.எல்.டி.சி. என்றால் முப்பது. பழைய ரெகுலேட்டர் வேகத்தைக் குறைத்தாலும் மிச்சத்தைச் சூடாக்கி வீணாக்கும், தொட்டுப் பார்த்தாலே தெரியும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம் ஆகிவிட்டது. வீடு முழுக்கப் பழையதை மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் படுக்கையறையிலும் முப்பது வாட்தான். ஆனால் என் மரெல்லியை 60 வாட் என்று வைத்து, தினம் 2 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். 100 யூனிட் நமக்கு இலவசமாகவே வருகிறது.

ஆபத்து என்பார்கள். அதுவும் உண்மை. துணி சுற்றிய பழைய ஒயர் பொடிந்துபோயிருக்கும். எர்த் கிடையாது. இரும்பு உடம்பில் ஷாக் அடித்தால் ஆளை எடுத்துவிடும். கூண்டுக் கம்பி இடைவெளியில் குழந்தை கை போகும். ஆகவே ஒயரை மூன்று கம்பி உள்ளதாக மாற்றுங்கள், எர்த் கொடுங்கள், உயரத்தில் வையுங்கள். பாட்டிக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுப்பது போலத்தான் இது. கண் தெரியவில்லை என்று பாட்டியைச் சுவரில் மாட்டுவோமா?

அருங்காட்சியகத்தில் மட்டும் விசிறியா ஓடுகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். லண்டன் கிரீனிச்சில் 1991-ல் விசிறிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். இருநூறு வயதான காகித விசிறியை எடுத்து வீசினால் கிழிந்துவிடும், அது கண்ணாடிக்குள்தான் இருக்க வேண்டும். என் பாட்டியின் காகித விசிறியை நானும் விரிப்பதில்லை. ஆனால் அங்கே ஒரு விசிறியை வைத்தால் அதன் கதையையும் எழுதி வைப்பார்கள். எலும்பை உருவிவிட்டுப் பல்பு வைக்கமாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது நான்கே நான்கு. சேர்ப்பவர்களே, வாரத்துக்கு ஒருமுறையாவது சுவிட்சைப் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் விடுங்கள். பெயர்த் தகட்டைத் தொடாதீர்கள். இது முதலாவது. இரண்டாவது, எந்த வீட்டில், எந்த அலுவலகத்தில், யார் துடைத்து வைத்திருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டுங்கள். மூன்றாவது, ஓலை விசிறியைச் செய்பவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், பெயரைக் கேட்டு வையுங்கள். நான்காவது, அரசு அலுவலகத்தில் என் நாற்காலியில் இன்று இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. 'பழுதுபார்க்க இயலாதது' என்று எழுதும் முன் ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன், ஓடியது, ஆனாலும் எழுதினேன். அந்த ஃபைல் எப்போதோ மூடியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் மூடவில்லை.

எனக்குப் பிறகு இவை யாருக்கு என்று மகன் கேட்கிறான். அவனிடம் இடமில்லை, கொண்டுபோக முடியாது, வித்துடுங்கப்பா என்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்வீட்டில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். போன மாதம் வந்து, "தாத்தா, இது எப்படித் தலையைத் திருப்புது?" என்று கேட்டாள். பின்மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைக் காட்டினேன். மறுநாள் வந்து தானே கழற்றினாள். மூன்றாம் நாள் எண்ணெய் விட்டாள், கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டாள், சுவரெல்லாம் தெறித்தது. மரெல்லி அவளுக்கு என்று எழுதி வைத்துவிட்டேன். 35,000 ரூபாய்க்காரத் தம்பி மறுபடி போன் செய்தார். தம்பி, அது ஓடுகிறது, கொடுக்க மனமில்லை என்றேன். நேரம் இருந்தால் ஒருநாள் வாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன், மோர் குடித்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வருவாரா தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குப் போன் செய்வதற்கு முன் கீழே இறக்கித் துடைத்துப் பாருங்கள். ஒயரை மட்டும் மாற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஓடினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.